கை மாறிய இகுவானா

ஊர்வன வளர்ப்பவர்கள் பொதுவாக வம்புதும்புக்குப் போகாதவர்கள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, சும்மா சொல்கிறேன். நாய் வளர்ப்பவன் பக்கத்து வீட்டுக்காரனோடு முறைத்துக்கொண்டு நிற்பான். சண்டைச் சேவல் வளர்ப்பவன் சட்டை கிழிந்து வீட்டுக்கு வருவான். பல்லியும் பாம்பும் வளர்ப்பவனுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அவை குரைக்காது, கூவாது, அடுத்தவன் தோட்டத்தில் மேயாது. கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு சூட்டில் நாள் முழுக்க ஒரே இடத்தில் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கும் நாளடைவில் அந்தப் பொறுமை வந்துவிடுகிறது. எனக்கு வந்தது.

என் பெயர் முரளி. பேளுக்குறிச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சந்தைக்கு வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். நான் கட்டிய காயில் திரும்பப் புகைந்தால் மறுபேச்சில்லாமல் மறுபடி கட்டிக் கொடுப்பேன். கொடுக்கல் வாங்கலில் நேராக இருக்க வேண்டும் என்பது என் குணம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்ததை ஆத்திரத்தில் செய்ததாக நீங்கள் எழுதிவிடக் கூடாது. எனக்கு லேசில் ஆத்திரம் வராது.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அடிவாரத்திலும் மலையிலுமாக ஊர்வன வளர்ப்பவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். எல்லாம் வெளிநாட்டு ஜாதிகள், அரசாங்கத்தில் பதிவு செய்து வளர்ப்பவை. நம் காட்டு உடும்பையோ மலைப்பாம்பையோ எங்களில் ஒருவரும் தொட்டதில்லை. கூட்டத்தைச் சேர்த்தவர் மிளகு வியாபாரி அப்பாஸ் அலி பாய். அவரிடம் புள்ளி போட்ட பாலைவனப் பல்லிகள் இருந்தன. என்னிடம் விஷமில்லாத செம்மஞ்சள் பாம்பு ஒன்று. பாய் மிளகு வாங்க மலைக்குப் போன இடத்தில் அரியூர் நாட்டுப் பூபதியைப் பார்த்திருக்கிறார். மரவள்ளியும் மிளகும் விளையும் கொஞ்சம் காடு அவனுக்கு உண்டு. வீட்டில் ஒரு இகுவானா வைத்திருந்தான். பார்க்க நம் பச்சை ஓணான் மாதிரிதான், ஆனால் வாலோடு சேர்த்தால் வளர்ந்த ஆளின் உயரத்துக்கு வரும். இவ்வளவு பெரிய உருவத்துக்குக் கீரையும் பூவும்தான் தீனி. செம்பருத்திப் பூவென்றால் அதற்கு உயிர்.

மலையில் கார்த்திகை பிறந்தால் குளிர் எலும்பைப் பிடிக்கும். இகுவானாவுக்கு அது ஆகாது. பல்பு போட்டுச் சூடு காட்டலாம், ஆனால் மழையில் மரம் சாய்ந்து கரண்டு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடிவாரத்தில் நேர்மாறு. பங்குனி, சித்திரையில் எங்கள் தகரக் கூரைக்கடியில் பாம்பும் பல்லியும் வாடிப்போகும். பாய்தான் யோசனை சொன்னார். "குளுருக்கு அங்கிருந்து இங்க எறக்குங்க, வெயிலுக்கு இங்கிருந்து அங்க ஏத்துங்க. உசுரும் பொழைக்கும், நமக்குள்ள ஒரு பழக்கமும் ஆகும்" என்றார். அப்படி ஆரம்பித்தது. கார்த்திகையில் மலைப் பிராணிகள் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் அவை திரும்பிப் போகும்போது எங்களுடையவையும் கூடவே மேலே போகும். இதை நாங்கள் மாத்து என்போம்.

மாத்தில் நன்மை நிறைய. ஒருவன் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவன் கண்ணில் படும். என் பாம்பு இரை எடுக்காமல் கிடந்தபோது, பெட்டி பெரிதாகப் போனதால் அது பயந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்தவன் பூபதி. சின்னப் பெட்டிக்கு மாற்றியதும் அன்றே இரை எடுத்தது. ஒரே வயிற்றில் பிறந்ததையே ஒன்றோடொன்று சேர்த்து நோஞ்சான் குட்டிகள் எடுக்கும் பாவமும் இல்லை. கெடுதலும் உண்டு. ஒரு வீட்டு உண்ணி அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு பெட்டியில் வந்த வாய்ப்புண் எல்லாப் பெட்டிக்கும் பரவும். வெளியே பளபளவென்று இருக்கும் பிராணி வயிற்றுக்குள் எதை வைத்திருக்கிறது என்று பார்த்தால் தெரியாது.

அதனால் பாய் ஒரு வழக்கம் வைத்தார். கொடுக்கிறவன் பிராணியின் குறைகளை வாய்விட்டுச் சொல்லித்தான் கை மாற்ற வேண்டும். போன நகம், கடிக்கும் குணம், வந்து போன நோய், எதையும் மறைக்கக் கூடாது. கேட்கிறவன் அதை நம்ப வேண்டும். ஒருமுறை சொன்னால் சொன்னதுதான், திருப்பிச் சொல்ல வைப்பது மரியாதையில்லை. பாய் மிளகு மூட்டையில் ஈரம் இருந்தால் விலை பேசும் முன்பே சொல்லிவிடுவார், அந்தப் பழக்கத்தில் வைத்தது. இத்தனை வருடத்தில் எங்களுக்குள் ஒருவர் சொல்லை இன்னொருவர் சந்தேகப்பட்டதில்லை. அண்ணன் தம்பிக்குள் கூட அப்படி ஒரு நம்பிக்கையை நான் பார்த்ததில்லை.

இனி என் வீட்டு விஷயம். எனக்கும் பானுமதிக்கும் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லை. சேலம், ஈரோடு என்று ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத சாமி இல்லை. கடைசியில் போதும் என்று விட்டுவிட்டோம். விட்ட பிறகு பானுமதி உண்டானாள். போன ஐப்பசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி. அழுதால் நெற்றி மட்டும் சிவக்கும். பானுமதி அவளை இடுப்பை விட்டு இறக்காமல் சமைப்பாள். நான் கடையை அடைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போவேன், தெருவில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மனிதனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

கார்த்திகையில் மாத்துக்கான நாள் வந்தது. பூபதி இகுவானாவைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினான். பாய் கடையில் வைத்துத்தான் கை மாற்றினோம். குறையும் சொன்னான். முன்னங்காலில் ஒரு நகம் இல்லை, வால் நுனி ஒருமுறை அறுந்து முளைத்தது, தொண்டைப் பக்கம் தொட்டால் வாலால் விளாசிவிடும். இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னான். முக்கியமானதை மட்டும் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

கடை இரவில் குளிரும் என்பதால் இகுவானாவை வீட்டுக்குக் கொண்டு போனேன். வீட்டில் வெதுவெதுப்பான இடம் சமையலறைதான். பெட்டியை அங்கே வைத்தேன். அதற்கு அடிக்கடி வெந்நீரில் ஊற வேண்டும், அப்போதுதான் தோல் சரியாக உரியும். அது ஊறும் அளவுக்கு எங்கள் வீட்டில் ஒரு பேசின்தான் இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட வாங்கியது. காலையில் அவளுக்கு, மத்தியானம் இதற்கு.

பானுமதி முகத்தைச் சுளித்தாள். "ஏனுங்க, அதுக்குன்னு வேற ஒண்ணு வாங்கிக்கக் கூடாதுங்களா? பச்சப்புள்ள குளிக்கறதுங்க."

"அலசிட்டுத்தான வெக்கறேன்" என்றேன்.

நான் உயிர்களுக்குள் பேதம் பார்ப்பவனில்லை. அது என் கெட்ட பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

மார்கழி முடியும்போது குழந்தைக்கு வயிற்றால் போனது. பிறகு காய்ச்சல். பிறகு கண் செருகி, கழுத்து பின்னால் விறைத்துக்கொண்டது. நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கள் ஜில்லாவில் எந்த டாக்டரும் முதலில் கோழியைத்தான் கேட்பார். "ஊட்ல கோழிப்பண்ணை, முட்டை யாவாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஆமை, ஓணான்னு ஏதாச்சும் வளத்தறீங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு விளக்கமாகச் சொன்னார். அந்தப் பிராணிகளின் குடலில் ஒரு கிருமி இருக்குமாம். பிராணிக்கு அது ஒன்றும் செய்யாது, ஆயுசுக்கும் நன்றாகவே இருக்கும். அதன் கழிவில் கிருமி வெளியே வரும், கையில் ஒட்டும், பாத்திரத்தில் ஒட்டும். நம்மைப் போல வளர்ந்தவர்களுக்கு வந்தால் ரெண்டு நாள் வயிற்றால் போய்ச் சரியாகிவிடும். பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்விடும். அவர் பேசும்போது பானுமதி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைப்பொங்கல் கழிந்த வாரம் குழந்தை செத்துப்போனாள். பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டு அடக்கம் செய்தோம். சட்டை அவளுக்குக் கொஞ்சம் பெரிது, வளரும் பிள்ளை என்று கணக்குப் பண்ணி எடுத்தது. நான் மண்ணில் புரண்டு அழுதேன். அன்றிலிருந்து எனக்கு வாய்க்கு எதுவும் ருசிப்பதில்லை. அவள் அழுகைச் சத்தம் கேட்ட மாதிரி இருந்து இப்போதும் திரும்பிப் பார்ப்பேன்.

விஷயம் தெரிந்ததும் பூபதி மலையிலிருந்து ஓடி வந்தான். வாசலிலேயே என் காலில் விழுந்தான்.

"எல்லாம் என்னாலதானுங்ணா. நான் அதக் குடுத்தே இருக்கக் கூடாதுங்ணா. இப்பவே கொண்டு போயி மாட்டு டாக்டருகிட்ட ஊசி போட்டுக் கொன்னுடறனுங்ணா."

தப்பு செய்யாதவன் அப்படி அழ மாட்டான் என்று எனக்குப் பட்டது. அவன் அக்கா மகன் ஆடி மாதம் அந்த இகுவானாவோடு விளையாடி, வயிற்றால் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவன். காரணம் இதுதான் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். பூபதிக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் அதை என் கையில் கொடுத்தான். நான் அவனைத் தூக்கி நிறுத்தினேன்.

"வேண்டாந் தம்பி. வாயில்லாத சீவன், அது என்ன பண்ணும்? எங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

பக்கத்தில் நின்ற அப்பாஸ் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மனசு யாருக்கு வரும், முரளி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் எல்லோரும் அதையேதான் பேசினார்கள். என்னை மாதிரி ஒருவனைப் பார்த்ததில்லை என்றார்கள். கேட்க ஆறுதலாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மாசியில் பானுமதி சேந்தமங்கலத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும் முன் அந்தப் பேசினைப் பின்கட்டில் போட்டு அம்மிக் குழவியால் உடைத்தாள். நான் தடுக்கவில்லை. "உங்க கையப் பாத்தாலே எனக்கு ஆகறதில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். துக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வெளிப்படும். அவளை நான் குறை சொல்லவில்லை.

பாம்புப் பெட்டி கடையில் இருந்தது, வீட்டில் நானும் இகுவானாவும் மட்டும் இருந்தோம். அதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். தினமும் முருங்கைக் கீரை, செம்பருத்தி. தோலில் பச்சை நல்ல நிறமாக ஏறியது. கடையிலிருந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அது ஒரு கண்ணைத் திருப்பி என்னைப் பார்க்கும், ரொம்ப நேரம் இமைக்காது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம்தான் எனக்குத் தெளிவு வந்தது. மாத்து பாதியில் நிற்கிறது. ஒன்று கீழே இறங்கினால் ஒன்று மேலே ஏற வேண்டும். பூபதியிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து பூபதிக்கு இன்னும் போகவில்லை.

பூபதியின் பெண்டாட்டி கண்ணாயி மாசமாக இருக்கிறாள் என்று பாய் சொல்லித்தான் தெரியும். அவனுக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையாம். வைகாசியில் பிரசவம் என்றார் பாய். பங்குனியிலேயே இகுவானா மலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். "மேல இன்னும் குளுரு வுடல தம்பி, கொஞ்ச நாளு போவட்டும்" என்று பூபதியிடம் போனில் சொன்னேன். சித்திரையில் வேறு ஏதோ சொன்னேன். அவன் எதையும் கேட்டுக்கொள்ளும் நிலைமையில்தான் இருந்தான்.

வைகாசி பிறந்ததும் அவனிடமிருந்து போன் வந்தது.

"பையன் பொறந்திருக்கானுங்ணா. உங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னே தெரியலீங்ணா."

"நல்ல சேதிக்கு எதுக்குத் தம்பி தயங்கோணும்? நல்லா இருக்கட்டும்" என்றேன்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? சேனை நீங்கதான் வெக்கோணுமுங்ணா."

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தால், அவர் குணம் அதற்கு வரும் என்று நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் இப்போது நர்சுகள் விடுவதில்லை, தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பூபதியின் அம்மா பெருமாயி, வீட்டுக்கு வந்ததும் சேனை வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். அதற்கு என்னை அழைக்க அவருக்கு மனமில்லை. போனிலேயே அவர் குரல் கேட்டது. "புள்ளையப் பறிகுடுத்தவன் கையாலயா வெப்பாங்க?" பூபதி அவரை அதட்டினான். "உங்க மனசு எம் பையனுக்கு வரோணுமுங்ணா. வேற யாரு வெச்சும் எனக்கு வேண்டாம்" என்றான்.

நான் கேட்டு வாங்கவில்லை. அவனாகக் கூப்பிட்டான். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இகுவானாவையும் கொண்டு வருகிறேன், மாத்தை முடித்துவிடலாம் என்றேன். அவன் ஒரு நொடி யோசித்தான். பிறகு, "ஊட்டுக்குள்ள வேண்டாமுங்ணா, காட்டுல தனிக் கொட்டாய் போட்டு வெச்சிருக்கறேன்" என்றான். ஜாக்கிரதையானவன். அந்த ஜாக்கிரதையை என் விஷயத்திலும் காட்டியிருக்கலாம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கடை வேனை எடுத்துக்கொண்டு காரவள்ளி தாண்டி மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு வேன் சாயும்போது பின்னால் பெட்டி நகரும் சத்தம் கேட்கும். மேலே போய்ச் சேர இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஓரமாக நிறுத்தினேன். குரங்குகள் தின்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று வந்து பார்த்துவிட்டுப் போயின. பெட்டியைத் திறந்து, உறையைப் பிரித்து இகுவானாவை மடியில் வைத்துக்கொண்டேன். பயணத்தில் அது கழித்திருந்தது. இரண்டு கையாலும் அதைத் தடவிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் தடவினேன். பிறகு பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும்படி ஒரு துணியில் கையைத் துடைத்தேன். பக்கத்திலேயே பாறையிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது, வண்டியில் சோப்பும் இருந்தது. நான் கழுவவில்லை.

பூபதி வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெருமாயி டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரோடு நடந்துகொண்டிருந்தார். கண்ணாயி பாயில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தாள். "வாங்ணா" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். நான் உட்காரச் சொன்னேன். பூபதி என் கையைப் பார்த்தான். கேட்கவும் கூச்சம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை.

"அண்ணா... கை..."

"வர்ற வழியில சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வாரேன் தம்பி. வண்டியில அதத் தொடவே இல்ல" என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். வேறு யாராவது என்றால், எதற்கும் இன்னொரு தடவை கழுவிடுங்க என்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருப்பார்கள். பிராணி என்றால் என்னவென்றே தெரியாத பெருமாயி கூடக் கொடுத்திருப்பார். எங்கள் கூட்டத்து ஆள் இன்னொருவன் சொன்னதற்கு மேல் அப்படிக் கேட்க மாட்டான். பூபதி, கேட்டதற்கே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் விரலைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தேன். பையன் விரலைக் கவ்விக்கொண்டு சப்பினான். நல்ல பலம். கண்ணாயி சிரித்தாள். "பெரியப்பன வுட மாட்டீங்கறான் பாருங்க" என்றாள். நானும் இழுக்கவில்லை. இன்னொரு முறை தொட்டு வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. என் மகளை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், பெருமாயி கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது உண்மைதான், அவளை நினைத்துத்தான் அழுதேன்.

பிறகு இகுவானாவைக் காட்டுக்கொட்டாயில் வைத்துக் கை மாற்றினேன். வழக்கப்படி குறை சொல்ல வேண்டும். "புதுசாக் கொற ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். அதில் பொய்யில்லை. பூபதி கையுறை போட்டு வாங்கினான், பெட்டியில் விட்டதும் முழங்கை வரை சோப்புத் தேய்த்துக் கழுவினான், சட்டையைக் கூட மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனான். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாமைச் சோறும் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ இறங்கினேன்.

அந்த வாரமே குழந்தைக்கு வயிற்றால் போனது. பூபதி முதலில் எனக்குத்தான் போன் செய்தான். ஆம்புலன்ஸ் மலை இறங்கி வருவதற்குள் நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். என் மகளைச் சேர்த்த ஆஸ்பத்திரி இல்லை, வேறு. அங்கும் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். பூபதி தயங்காமல் சொன்னான். "இகுவானா இருக்குதுங்க. ஆனா கொழந்த இருக்கற பக்கமே வந்ததில்லீங்க. தொட்டது நான் ஒருத்தன்தான், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கறேன். அது மேல சந்தேகமே வேண்டாமுங்க." அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் டாக்டர் வேறு காரணங்களைப் பார்க்கப் போனார். நான் பூபதிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரியான மருந்து அப்போதே ஏறியிருக்கும். பூபதி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போல் இருந்தது. நான் போய் அவனுக்கு டீ வாங்கி வந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் அதே கிருமிதான் என்று தெரிந்த பிறகு மருந்தை மாற்றினார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. மறுநாள் விடியும்போது பையன் போய்விட்டான். கண்ணாயி எழுப்பிய சத்தம் பானுமதியின் சத்தம் மாதிரியே இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வேலை முடிந்தது என்று மட்டும் தோன்றியது.

நானாக எதற்கு ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். பூபதிக்காகத்தான். அவன் தன் கையில் ஒட்டியிருந்ததுதான் குழந்தைக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறான். பொழுதன்னிக்கும் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறானாம். உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் வருகிறதாம், அப்போதும் நிறுத்துவதில்லையாம். கண்ணாயி அவனைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. பாய் இதைச் சொன்னபோது எனக்கு மனது கேட்கவில்லை. அது நியாயமில்லை. நான் கொடுத்ததை அவன் தன்னுடையது என்று சுமக்கக் கூடாது. மாத்து என்றால் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திருட்டு மாதிரி ஆகிவிடும்.

அதனால் தெளிவாகவே சொல்கிறேன். பூபதியின் பையனைக் கொன்றது நான். தெரிந்து, யோசித்து, அவன் பிறக்கும் வரை பொறுத்திருந்து செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். எனக்குச் செய்யப்பட்டதைத்தான் நான் திருப்பிச் செய்தேன், அதற்கு மேல் ஒரு குன்றிமணி கூடச் சேர்க்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? அப்பாஸ் பாயிடம் விசாரித்தீர்களா. சரி. பாய் பொய் சொல்கிறவரில்லை, அவர் சொன்னால் அது நடந்ததுதான்.

ஆமாம், பூபதி சொன்னான். கார்த்திகையில், பாய் கடையில், உறையை என் கையில் கொடுக்கும்போது சொன்னான். "அக்கா பையனுக்கு இதனாலதான் வவுத்தால போச்சுங்ணா, டாக்டரே சொன்னாரு. உங்கூட்டுல பச்சக்கொழந்த இருக்குது. ஊட்டுக்குக் கொண்டு போவாதீங்க, கடையிலயே வெச்சுக்கங்க. இதத் தொட்டுட்டுக் கை கழுவாம கொழந்தையத் தூக்கீராதீங்ணா" என்றான். நான் சரி சரி என்றேன். அன்றைக்குச் சந்தை. ஒரே கூட்டம், இரைச்சல், எனக்கு வீட்டுக்குப் போய் அவளைத் தூக்க வேண்டும் என்று அவசரம். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும், நீங்களே சொல்லுங்கள். ஒரு வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது என்று தெரிந்தவன் அதை எத்தனை தடவை சொல்லியிருக்க வேண்டும்? பூபதி ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.